மாமனார் விட்டுப்போன வண்டி

வண்டியைப் பார்க்க வந்தீங்களா? வாங்க, உள்ளே வாங்க. பதினோரு நாள் லேட்டா வந்திருக்கீங்க, பரவாயில்லை. வேணும்னா அந்த ஷெட்டைப் படம் எடுத்துக்கங்க. ஆயில் கறை மட்டும் தரையில அப்படியே இருக்குது. சோப்புத்தூள் போட்டுத் தேய்ச்சுப் பார்த்துட்டனுங்க, போகலை.

யூடியூபா? சரிங்க. என்ற சம்சாரம் தெய்வானைதான் வரச் சொன்னாளா? "வீட்டுல அவர் இருப்பார், விவரமெல்லாம் அவருக்குத்தான் தெரியும்"னு சொன்னாளா? பாருங்க, அதாவது தெரிஞ்சு வெச்சிருக்கா. உட்காருங்க. காப்பி போடலாம்னா பால் திரிஞ்சு போச்சு. நேத்தும் திரிஞ்சுது. இந்தப் பால்காரன் அவ வீட்டுல இருந்த வரைக்கும் நல்ல பாலாக் கொடுத்திட்டிருந்தவன்.

நான் முப்பத்தி நாலு வருஷம் ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல இருந்தவனுங்க. சூப்பிரண்டா ரிடையரானேன். எந்த ஊர் ஆபீஸ்னு வேண்டாம், உங்க வீடியோவில வந்துரும். எதுக்குச் சொல்றேன்னா, வண்டி விஷயத்துல நான் ஒண்ணு சொன்னா அது சும்மா சொல்றது இல்லை. ஜில்லாவே கேட்டுச்சு. வீட்டுலதான் கேட்கலை.

அந்த வண்டி என்ற மாமனாருது. அவர் கான்ட்ராக்டர். வாய்க்கால், மதகு, சின்னப் பாலம், இந்த மாதிரி. வேலை எங்கேயோ அங்கேயே குடும்பமும் இருக்கணும் அவருக்கு. அறுபத்தி மூணுல ஒரு பழைய லாரி சேசிஸை வாங்கி, கரூருக்குக் கொண்டுபோய் பாடி கட்டச் சொல்லியிருக்கார். பஸ் கட்டுறவங்ககிட்டப் போய், "சீட்டு வேண்டாம், படுக்கை போடுங்க, அடுப்பு மேடை போடுங்க, பாத்திரம் கழுவத் தொட்டி வைங்க"ன்னு நின்னிருக்கார். அவங்களும் கட்டிக் கொடுத்துட்டாங்க. இப்ப சினிமாக்காரங்க கேரவன்னு ஏசி போட்டு வெச்சிருக்காங்களே, அதுக்கெல்லாம் முந்தி. எங்க மாமனார் வீட்டுல அதுக்கு வீட்டு வண்டின்னு பேரு.

தெய்வானை எட்டு வயசு வரைக்கும் அதுலதான் வளர்ந்தாளாம். ஒரு மதகு முடிஞ்சா அடுத்த மதகு. மேல் படுக்கையில படுத்துட்டு ஜன்னல் வழியா ஆறு பார்ப்பாளாம். இந்த ஆறு கதையை மட்டும் முப்பத்தெட்டு வருஷத்துல நான் ஒரு அறுநூறு தடவை கேட்டிருப்பேன். இந்த வீட்டு ஜன்னல்லயும்தான் பார்க்கலாம். நல்லா வீதி தெரியும், டிரான்ஸ்பார்மர் தெரியும்.

மாமனார் போனதுக்கப்புறம் வண்டியைக் காங்கேயத்துல என்ற மச்சானோட எண்ணெய் மில் குடோன்ல நிறுத்துனாங்க. முப்பத்தியொரு வருஷம் நின்னுது. உள்ளே கொப்பரை மூட்டை அடுக்கியிருந்தாங்க. போன வருஷம் மச்சான் குடோனை இடிச்சுக் கல்யாண மண்டபம் கட்டறேன்னு கிளம்பிட்டார். காயலான்கடைக்காரனைக் கூப்பிட்டு வண்டியைக் காட்டியிருக்கார். அன்னைக்கு நாங்க அங்கே விருந்துக்குப் போயிருந்தோம். இலையில ரசம் ஊத்துறாங்க, இவ எந்திரிச்சுட்டா. நேராக் குடோனுக்குப் போனா. திரும்பி வந்து, "அண்ணா, அதை எனக்குக் குடுத்துருங்க"ன்னா.

அவருக்கு என்ன, இடம் காலியானாப் போதும். "எடுத்துக்க தெய்வானை"ன்னுட்டார். என்னை ஒரு வார்த்தை கேட்கணும்னு ரெண்டு பேருக்கும் தோணலை. நான் ரசம் சாப்பிட்டுட்டிருந்தேன்.

வண்டி ஒரு டிரெய்லர் மேல ஏறி எங்க வீதிக்கு வந்துச்சுங்க. சாமி ஊர்வலத்துக்குக் கூட அத்தனை பேர் வாசல்ல வந்து நின்னதில்லை. டயர் எல்லாம் மண்ணாட்டம் உதிருது. கதவைத் திறந்தா சிக்கெண்ணெய் வாடை, மூக்கைப் பிடிச்சுட்டு நிக்கணும். எலி ஒண்ணு வெளியே வந்து எங்களையெல்லாம் பார்த்துட்டு, திரும்ப உள்ளேயே போயிருச்சு. எங்க வீட்டைவிட அது தேவலைன்னு நினைச்சிருக்கும்.

அன்னைக்கே நான் தெளிவாச் சொல்லிட்டேன். "இதுக்கு ஆர்.சி. புதுப்பிச்சு எத்தனை வருஷம் ஆச்சு, பேர் மாத்தணும், ஓட்ட லாயக்குன்னு எப்.சி. வாங்கணும், பார்ட்ஸ் கிடைக்காது, இது ரோட்டுல ஏறாது"ன்னு எந்த விதி, எந்த உட்பிரிவு எல்லாம் மனப்பாடமாச் சொன்னேன். அவ முழுசாக் கேட்டுட்டு, "சரிங்க"ன்னா. கேட்டுட்டாளேன்னு நான் உள்ளே போனேன். ஜன்னல் வழியாப் பார்த்தா, சேலையைத் தூக்கிச் செருகிட்டு, பக்கெட்டும் பிரஷ்ஷுமா வண்டிக்குள்ள ஏறுறா.

பன்னெண்டு நாள் தேய்ச்சா. அறுபத்தி ரெண்டு வயசு. முட்டி வலிக்குதுன்னு மாடிக்குத் துணி காயப்போட ஏறாதவ, அந்த வண்டிக்குள்ள மண்டி போட்டுத் தேய்ச்சா. வெந்நீர், சீயக்காய், எலுமிச்சம்பழம், அப்புறம் என்னென்னவோ. பன்னெண்டாம் நாள் என்னைக் கூப்பிட்டு, "மோந்து பாருங்க, வாடை போயிருச்சுங்களா"ன்னா. நான் நேர்மையாச் சொன்னேன், "குறைஞ்சிருக்கு, போகலை"ன்னு. பொய் சொல்லி ஆசை காட்டக்கூடாது பாருங்க.

அப்புறம் காதர் பாய் வந்தார். பஸ் பாடி வேலையிலயே நாப்பது வருஷம் இருந்தவர். இவளாப் போய்த் தேடிக் கண்டுபிடிச்சுக் கூட்டிட்டு வந்தது. அந்த மனுஷன் வண்டியைச் சுத்தி ஒரு தடவை வந்தார், விரலால தட்டித் தட்டிப் பார்த்தார். "தேக்குச் சட்டம்மா. முக்கால்வாசி நல்லா இருக்கு. தகரத்தை மாத்திரலாம்"னார். நான் பக்கத்துல நிக்கிறேன், "சார் என்ன சொல்றீங்க"ன்னு மரியாதைக்காவது கேட்கலாம் இல்லைங்களா? அம்மா, அம்மான்னு அவகிட்டயேதான் பேச்சு.

நானும் உதவி செய்யலைன்னு சொல்ல முடியாது. தினமும் ஷெட்டுக்கு எதிர்ல சேர் போட்டு உட்கார்ந்து பேப்பர் படிச்சேன். வேலை நடக்கிற இடத்துல ஒரு ஆம்பளை இருந்தா அது ஒரு பலம்தானுங்க. அவங்க தப்புப் பண்ணும்போதெல்லாம் சொன்னேன். ஜன்னல் ரப்பர் வெளியூர்ல இருந்து வரணும்னாங்க, வராதுன்னேன். வந்துச்சு, ஆனா மூணு வாரம் ஆச்சு. இன்ஜின்ல பிஸ்டன் பிடிச்சுட்டு அசையவே இல்லை. "முடிஞ்சுது கதை"ன்னேன். காதர் பாய் சிலிண்டருக்குள்ள டீசலும் மண்ணெண்ணெயும் கலந்து ஊத்தி நாலு நாள் ஊற விட்டார். இவ தினம் காலையில காப்பிக்கு முந்தி போய் அதை எட்டிப் பார்ப்பா. எனக்கு அல்சர் வந்தப்பக் கூட இப்படிப் பார்த்ததில்லை. அஞ்சாம் நாள் முன்னால கம்பியைப் போட்டுச் சுத்துனாங்க, சுத்திருச்சு. அதுக்கு அவ அழுதா பாருங்க. இன்ஜின் சுத்தினா சிரிக்கணும், இவ அழறா.

உள்வேலை பூரா அவதான். ரெக்ஸின் வெட்டித் தெச்சது, திரை தெச்சது, அந்தத் தண்ணித் தொட்டியில அமுக்கினா வர்ற பம்புக்கு வாஷர் போட்டது. ஒரு மத்தியானம் நான் கட்டில்ல படுத்திருக்கேன், கண்ணு முழிச்சுப் பார்த்தா, இஞ்ச் டேப்பை வெச்சுட்டுத் தலையில இருந்து கால் வரைக்கும் என்னை அளந்துட்டிருக்கா. "என்ன தெய்வானை, சட்டையா?"ன்னேன். "தூங்குங்க"ன்னுட்டுப் போயிட்டா. சட்டை இன்னும் வரலை. அந்த ஞாபகமறதிதான் வண்டி வேலையிலயும். ரெண்டு படுக்கை போட்டாங்க, ஒண்ணு அஞ்சடி, இன்னொண்ணு ஆறடி. "அளவு தப்பாப் போச்சே பாய்"னு நான் கேட்டேன். "அம்மா சொன்ன அளவு சார்"னார். ராஜாமணி வேணும்னா அந்த ஆறடியில படுத்துக்கலாம். ராஜாமணி நாலே முக்காலடி.

ராஜாமணி யாருன்னு சொல்லலை இல்லைங்களா? அடுத்த வீதி. இருபது வருஷம் ஸ்கூல் வேன் ஓட்டினவ. வீட்டுக்காரர் தவறிட்டார், பையன் துபாய்ல இருக்கான். "அக்கா, நீங்க வண்டியை ரெடி பண்ணுங்க, நான் ஓட்டுறேன்"னு சொல்லியிருக்கா. இப்படி ஒருத்தி இருந்தாப் போதாதுங்களா?

பேர் மாத்தறது, பழைய ஆர்.சி. எல்லாத்துக்கும் தெய்வானையே போனா. என்ற ஆபீசுக்குத்தான். நான் ஒரு போன் போட்டா முடிஞ்சிருக்கும். அவ கேட்டிருந்தாப் போட்டிருப்பேன். அவ போய் வரிசையில நின்னு, டோக்கன் வாங்கி, படிவம் தப்புன்னு திருப்பி அனுப்பினா மறுபடி எழுதி, ஏழு தடவை நடந்திருக்கா. நான் இன்னாரு சம்சாரம்னு ஒரு தடவை கூடச் சொல்லலையாம். அப்புறம் அங்கே இருக்கிற கிளார்க் ஒருத்தன் எனக்குப் போன் பண்ணி வருத்தப்பட்டான். எனக்கு எவ்வளவு அவமானம், பாருங்க.

இப்ப ஒண்ணு சொல்றேன். இது வேணும்னா வீடியோவில போடுங்க, ஏன்னா இதுதான் முக்கியம்.

ஆவணி மாசத்துல ஒரு நாள், யாரும் இல்லாத நேரம், டார்ச்சை எடுத்துட்டு நான் வண்டிக்கு அடியில போய்ப் பார்த்தேன். சும்மாதான். நல்லாத்தான் பண்ணியிருந்தாங்க, அதை ஒத்துக்கணும். ஆனா பின் சக்கரத்துக்கு மேல, பாடியைத் தாங்குற குறுக்குச் சட்டம் ஒண்ணு இருக்கும், இரும்பு. புதுப் பெயிண்ட் அடிச்சு மினுமினுன்னு இருந்துச்சு. சாவியால ஒரு குத்துக் குத்தினேன், சாவி உள்ளே போயிருச்சு. துரு தின்னு, மேல பெயிண்ட் மட்டும்தான் நிக்குது. காதர் பாய் கண்ணுக்கே தப்பிருச்சு. நான் கண்டுபிடிச்சேன்.

உடனே சொன்னீங்களான்னு கேட்கறீங்க. இருங்க. எல்லாத்துக்கும் ஒரு நேரம் இருக்கு. நான் சொன்னா யார் கேட்கறா? பதினோரு மாசமா நான் சொன்னது ஒண்ணாவது ஏறுச்சா? அதிகாரி வாயில இருந்து வந்தாத்தான் ஏறும்னு விட்டுட்டேன்.

ஐப்பசியில எப்.சி.க்கு நாள் கொடுத்தாங்க. அங்கே பிரேக் இன்ஸ்பெக்டர் அருள்மொழி, நான் இருக்கும்போது புதுசா வந்த பையன். முந்தின நாள் போன் போட்டேன். "தம்பி, நாளைக்கு ஒரு பழைய வண்டி வரும். எனக்காக எதுவும் விட்டுக்கொடுக்க வேண்டாம். பின் சக்கரத்துக்கு மேல குறுக்குச் சட்டத்தைச் சுத்தியல்ல தட்டிப் பாருங்க"ன்னேன். அவ்வளவுதான். சட்டப்படி சொன்னேன்.

அருள்மொழி தட்டியிருக்கார், சுத்தியல் உள்ளே போயிருச்சு. எப்.சி. கிடையாதுன்னுட்டார். மத்தியானம் அவ திரும்பி வந்தப்ப முகத்தைப் பார்க்கணுமே. எனக்கே மனசு கேட்கலை. நான் ஒண்ணும் கல்நெஞ்சுக்காரன் இல்லைங்க. ஹோட்டலுக்குக் கூட்டிட்டுப் போய் நெய் ரோஸ்ட் சொன்னேன். "விடு தெய்வானை, நம்ம கையில என்ன இருக்கு"ன்னு ஆறுதல் சொன்னேன். அவ ரோஸ்ட்டைப் பிச்சுப் பிச்சு வெச்சா, சாப்பிடலை. நான்தான் ரெண்டையும் சாப்பிட்டேன், வீணாப் போகக் கூடாதுன்னு.

முடிஞ்சுதுன்னு நினைச்சேன். மறுநாள் காலையில ஷெட்டுல வெல்டிங் சத்தம். காதர் பாய் அந்தச் சட்டத்தையே அறுத்து எடுத்துட்டு, புது இரும்புச் சேனல் வெச்சு, பக்கத்துல இருந்த ரெண்டையும் பிரிச்சுப் பார்த்து, ஒரு மாசம் வேலை. மறுபடி கொண்டு போனாங்க. பாஸ்.

பாஸ் பண்ணிட்டு அந்த அருள்மொழி வாயை வெச்சுட்டுச் சும்மா இருந்திருக்கலாம். "அம்மா, சார் போன் பண்ணிச் சொன்னதாலதான் நான் அந்த இடத்தைப் பார்த்தேன். இல்லாட்டி எனக்கும் தெரிஞ்சிருக்காது. சாருக்கு நன்றி சொல்லுங்க"ன்னு சொல்லிட்டார். நல்ல பையன். நல்லது நினைச்சுத்தான் சொல்லியிருக்கார்.

அவ வீட்டுக்கு வந்தா. பையைக் கீழே வெச்சா, அரிசியைக் களைஞ்சு குக்கரை ஏத்தினா. நன்றி சொல்வாள்னு நான் உட்கார்ந்திருக்கேன்.

"ஏனுங்க, அதை எப்பப் பார்த்தீங்க?"ன்னா.

"ஆவணியில"ன்னேன்.

முந்தானையில கையைத் துடைச்சா. அப்புறம் மெதுவாச் சொன்னா, "ஆவணி, புரட்டாசி பூரா ராஜாமணி அதை பைபாஸ்ல ஓட்டிப் பழகினாளே. நான் பின்னாடி உட்கார்ந்திருந்தேனே."

நான் பதில் சொல்றதுக்குள்ள குக்கர் விசில் வந்துருச்சுங்க. அவ அடுப்படிக்குப் போயிட்டா. என்கிட்டப் பதில் இல்லைன்னு நினைக்காதீங்க, இருந்துச்சு. ரோட்டுல எத்தனையோ வண்டி அப்படித்தான் ஓடுது, நான் பார்க்காததா. இப்ப யோசிச்சுப் பாருங்க, அந்த வண்டியைக் காப்பாத்தினது யாரு? அந்தப் பாடி நடு ரோட்டுல இறங்கியிருந்தா என்ன ஆயிருக்கும்? காதர் பாய்கிட்ட இதைச் சொன்னேன். "ஆமா சார். அப்பவே சொல்லியிருந்தா ஒரு நாள்ல முடிச்சிருப்பேன்"னார். பாராட்டுறதுல கூட ஒரு குத்தல் இந்த ஜனங்களுக்கு.

அதுக்கப்புறம் அவ சண்டை போடலை, கோபப்படலை. நேரத்துக்குச் சோறு, நேரத்துக்குக் காப்பி, எல்லாம் அப்படியே. பேச்சு மட்டும் கொஞ்சம் குறைஞ்சுது. வயசாகுது இல்லைங்களா.

கிளம்புற அன்னைக்குக் காலையில ஏழு மணி. ராஜாமணி ஸ்டீயரிங்ல உட்கார்ந்துட்டா. வீதியே நிக்குது. இவ கேஸ் அடுப்பு, அரிசி, மருந்துப் பெட்டி எல்லாம் ஏத்திட்டு, படியில ஒரு கால் வெச்சுட்டு என்னைத் திரும்பிப் பார்த்து, "நீங்களும் வாங்க"ன்னா.

நான் உடனே ஏறிர முடியுங்களா? ஒரு முறை இருக்குதுல்ல. எங்க ஆபீஸ்ல முதல் தடவை வர்றவங்களை "நாளைக்கு வாங்க"ன்னுதான் சொல்லுவோம். அது கெட்ட எண்ணம் இல்லை, ஒரு பழக்கம். நிஜமாத் தேவைன்னா ரெண்டாவது தடவை வருவாங்க. முப்பத்தி நாலு வருஷத்துல வராதவங்களை நான் பார்த்ததே இல்லை. அதனால, "வீட்டைப் பூட்டிட்டு எப்படி வர்றது, பால்காரன் வருவான், செடிக்குத் தண்ணி யார் ஊத்துறது"ன்னேன்.

அவ, "சரிங்க"ன்னா. கதவைச் சாத்திட்டா.

வண்டி கிளம்பிருச்சு. முனையில திரும்பற வரைக்கும் நான் பார்த்துட்டே நின்னேன். முனையில நிறுத்துவாங்கன்னு நினைச்சேன். இண்டிகேட்டர் போட்டுத் திரும்பிட்டாங்க. இண்டிகேட்டர் சரியா வேலை செஞ்சுது.

தினம் சாயங்காலம் போன் பண்ணுவா. மாத்திரை போட்டீங்களா, சாப்பிட்டீங்களா, அவ்வளவுதான். அவங்க எங்கே இருக்காங்கன்னு நான் கேட்கறதில்லை, அவளாச் சொல்லுவா. முதல்ல முக்கொம்பு, அப்புறம் கல்லணை, அவங்கப்பா கட்டின மதகு ஒண்ணு திருவையாறு பக்கம் இன்னும் இருக்குதாம். இப்ப ரெண்டு நாளா தரங்கம்பாடி. கடலுக்கு எதிர்ல நிறுத்தியிருக்காங்களாம். வண்டியில ஒரு சின்னக் கோளாறு கூட வரலையான்னு தினமும் கேட்கறேன். வரலைங்கறா.

நீங்க நாளைக்குத் தரங்கம்பாடி போறீங்களா? கார்லயா? ஓ. எத்தனை பேரு? நீங்க ஒருத்தர்தானா.

இல்லை, எதுக்குக் கேட்டேன்னா, உங்க வீடியோவுக்கு டெக்னிக்கலா யாராவது விளக்கிச் சொல்லணுமே. அவளுக்குச் சேசிஸ் நம்பர் கூடத் தெரியாது. நானா வர்றேன்னு சொல்ல மாட்டேன். நீங்க கூப்பிட்டா யோசிக்கலாம்.

கூப்பிடறீங்களா? சரி வர்றேன். செடியா? செடி எல்லாம் காஞ்சு போச்சுங்க, அதைப் பத்தி ஒண்ணும் இல்லை. பை உள்ளே கட்டியே இருக்கு. அது பத்து நாளாவே இருக்கு, எதுக்கும் இருக்கட்டும்னு.

ஒரு உதவி. நீங்க அவளுக்கு ஒரு போன் போடுங்களேன். வீட்டுக்காரரையும் கூட்டிட்டு வரட்டுமான்னு நீங்களாக் கேக்கற மாதிரி கேளுங்க. நான் கேட்கச் சொன்னேன்னு சொல்ல வேண்டாம். ஸ்பீக்கர்ல போட வேண்டாங்க, நீங்களே பேசுங்க. நான் அந்தப் பக்கம் நிக்கிறேன்.

பேசிட்டீங்களா? என்ன சொன்னா?

வரச் சொன்னாளா. சரி. அப்புறம்? என்னமோ நீளமாச் சொன்ன மாதிரி இருந்துச்சே. ஒரு கண்டிஷனா? என்ன கண்டிஷன்?

வண்டியைப் பத்திக் குறை சொல்லக் கூடாதா? நானா? நான் எப்பங்க குறை சொன்னேன்? நீங்களே இவ்வளவு நேரம் கேட்டுட்டிருந்தீங்க. ஒரு வார்த்தை சொல்லியிருப்பேனா?